பத்து மஞ்சள் கூடுதல்

இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு சுழல் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்துவிட்டு, ஸ்டாக் இருக்கான்னு பார்த்துட்டு வந்துடறேன் மேடம் என்று உள்ளே போன பெண் போனவள்தான். சண்முகக்கனி நாற்காலியை இடப்பக்கம் திருப்பினாள். மேக். வெடவெடவென்று மெலிசாக, ஒரு வயர்கூட வெளியே தெரியாமல், பெரிய இடத்து மாப்பிள்ளை மாதிரி அலட்டிக்கொள்ளாமல் நின்றது. வலப்பக்கம் திருப்பினாள். விண்டோஸ். கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று காற்றாடிகள் நீலமும் சிவப்புமாக மின்னிக்கொண்டு சுற்றின. இதைப் பார்த்தால் அது பிடித்தது, அதைப் பார்த்தால் இது பிடித்தது, இரண்டையும் பார்க்காமல் தரையைப் பார்த்தால் தூக்கம் வந்தது. காலை ஏழேகால் பஸ்ஸில் சிவகாசியில் ஏறி மதுரையில் இறங்கி, கடை திறப்பதற்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்று, இப்போது மணி பதினொன்று. ஏசி முழங்காலில் குத்தியது. அவளுக்கு நாற்பத்தொரு வயது. நாற்பத்தொரு வயதில் ஒரு மனுஷிக்கு இவ்வளவு அலுப்பு வரலாமா என்று யாரிடமாவது கேட்கவேண்டும்போல் இருந்தது, கேட்டால் ரத்தம் கம்மியா இருக்கும், பேரீச்சம்பழம் சாப்பிடு என்பார்கள். இது ரத்தத்தில் இல்லை. முடிவெடுக்கிற இடத்தில் எங்கேயோ இருக்கிறது அலுப்பு. காலையில் செருப்பை மாட்டும்போது எதை வாங்கட்டும் என்று கேட்டாள். தங்கேஸ்வரன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, உன் இஷ்டம் என்றான். நல்ல வார்த்தை. கேட்கிறவர்கள், பெண்டாட்டிக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுக்கிறான் பார் என்பார்கள். அந்த வார்த்தை பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து திருமங்கலம் வரைக்கும் வந்தது.

பழைய கம்ப்யூட்டர் செவ்வாய்க்கிழமை செத்தது. பத்து வருஷம் உழைத்த பெட்டி, மதர்போர்டு போயிருச்சுக்கா, இனி இதுக்குச் செலவு பண்ணாதீங்க என்று ரிப்பேர்காரர் கையை விரித்துவிட்டார். சாகிறதற்கும் ஒரு நேரம் வேண்டாமா. ஆடிப்பெருக்குக்கு இன்னும் முப்பத்தைந்து நாள் இருக்கிறது. அன்றைக்குத்தான் சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியில் விடுவார்கள். அதற்குள் அவள் கம்ப்யூட்டரில் பதினெட்டு சாமிப் படம் செய்து முடிக்கவேண்டும், பதினொன்றுதான் முடிந்திருக்கிறது. முருகனுக்கு இன்னும் வேல் வைக்கவில்லை, லட்சுமிக்கு இரண்டு கைதான் ஆகியிருக்கிறது. காலண்டர் சாமிகளைச் செய்துசெய்து அவளுக்குச் சாமி கும்பிடுவதே விட்டுப்போயிற்று, கோயிலில் நின்றால் மூக்குத்தியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கிறாள். நிறத்தில் மட்டும் அவளை யாரும் குறைசொன்னதில்லை. பழைய மானிட்டர் பொய் சொல்கிற மானிட்டர், அவளுக்கு அது தெரியும், எந்த நேரத்தில் எவ்வளவு பொய் சொல்லும் என்பதும் தெரியும். திரையில் அம்மன் முகம் சரியாக வந்துவிட்டது என்று கண்ணுக்குப் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு மஞ்சளில் மட்டும் பத்து சதவீதம், பத்து மஞ்சள், கூட்டுவாள். அப்போதுதான் தாளில் வெளிறாமல் வரும். முதல் வருஷம் ஒரு சரஸ்வதி சீக்காளி மாதிரி வெளுத்து வந்து, முதலாளி திட்டி, அன்றையிலிருந்து பிடித்த பழக்கம். பத்து மஞ்சள் கூடுதல். ஒரு படம் தப்பியதில்லை. கனியக்கா கண்ணே தனி என்று அச்சாபீஸில் சொல்வார்கள், அவளும் இல்லையென்று மறுத்ததில்லை. இப்போது பெங்களூரிலிருந்து அட்டைப்பெட்டிக் கம்பெனிக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். சோப்புப் பெட்டி, மருந்துப் பெட்டி, பிஸ்கட் பெட்டி. வீட்டிலிருந்தே செய்யலாம், வருஷம் முழுக்க வேலை. சாமி கிடையாது, ஆடி கிடையாது, மூக்குத்தி கிடையாது. போனில் பேசியவர் தன்மையாகத்தான் பேசினார். எங்க ஃபைல் எல்லாமே மேக்லதான் மேடம் ஓடுது, நீங்க மேக் வாங்கிட்டா திங்கட்கிழமையே ஆரம்பிச்சிரலாம், சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க. யாரைக் கேட்டாலும் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பார்கள். அவளும் பிறத்தியாரிடம் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

யோசிக்க ஒரு விளையாட்டு இருந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஆகாய விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கவேண்டும், துப்பாக்கியைத் தேடி எடுக்கவேண்டும், கடைசிவரை உயிரோடு இருக்கவேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அது மேக்கில் ஓடாது. நன்றாக விசாரித்தாயிற்று, சுற்றிவளைத்துக்கூட ஓடாது. தங்கேஸ்வரனுக்கு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், அவளுக்கு உள்ளறையில். நடுவில் ஒரு சுவர். வேலையெல்லாம் முடிந்து ஒரு மணி நேரம் இரண்டுபேரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தத் தீவில் குதிப்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் அவனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, என்னங்க, ஏங்க, இங்க பாருங்க, அதுவும் இப்போதெல்லாம் தண்ணி வந்துருச்சு, கேஸ் சொல்லியாச்சா என்பதோடு சரி. தீவில் அவன் பெயர் தங்கம்77. டேய் தங்கம், பின்னாடி பாருடா, அறிவிருக்கா உனக்கு என்று அவள் கத்துவாள். அவன் சிரிப்பான். வீட்டுக்குள் நாலு வருஷமாகக் கேட்காத சிரிப்பு ஹெட்போன் வழியாகக் காதுக்குள் வந்து விழும். குண்டடி பட்டால் இந்த விளையாட்டில் உடனே சாவதில்லை, முட்டிபோட்டுத் தவழலாம், கூட்டாளி வந்து கட்டுப்போட்டால் எழுந்துகொள்ளலாம். கனி, விழுந்துட்டேன், வா, சீக்கிரம் வா என்பான். அந்த வா என்கிற சொல்லுக்காகத்தான் அவள் விளையாடுகிறாள். போன வருஷம் அவனுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கிக் கிடந்தபோதுகூட, ஒண்ணுமில்ல, நீ வேலையைப் பாரு என்றவன், தீவில் மட்டும் காலில் ஒரு குண்டு பட்டதற்கு வா வா என்கிறான். ஒரு கம்ப்யூட்டரில் இரண்டுபேர் விளையாடமுடியாது. இரண்டு மிஷின் வாங்கிப்போட இது முதலாளி வீடும் இல்லை. மேக் வந்தால் தீவு இல்லை. தீவு போனால் அந்த வீட்டில் என்ன பேசுவது. தண்ணி வந்துருச்சு, கேஸ் சொல்லியாச்சா. அப்படியே அறுபது வயது வரைக்கும் போய்விடுமா. போய்விடும். எத்தனை வீட்டில் போகிறது. அதை நினைத்ததும் ஏசியையும் மீறி அவளுக்குக் கழுத்தில் வேர்த்தது.

அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேக் வேணாம் கனி, விளையாட்டு போயிரும். பத்து எழுத்து, பதினைந்து எழுத்து. சொல்லமாட்டான். அன்றைக்கும் சொல்லவில்லை. அன்றைக்கும் இதே மதுரை, இதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் அந்த ஆஸ்பத்திரி. குழந்தைக்காக இரண்டு தடவை சிகிச்சை, இரண்டு தடவையும் பலிக்கவில்லை. மூன்றாவது தடவைக்குத் தேதி குறிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். காரிடாரில் இரும்பு பெஞ்சு. அவன் கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். எனக்குப் போதும்னு தோணுது என்றாள். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்பானா, சரி என்பானா, அழுவானா, இத்தனை பாடுபட்டது வீணா என்று கத்துவானா. எது வந்தாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். அவன் ஆரஞ்சிலிருந்து நாரை எடுத்து, சுளையை அவள் கையில் வைத்து, உன் இஷ்டம் என்றான். அவ்வளவுதான். சுளையைத் தின்றாள், புளித்தது. நாலு வருஷமாகிறது. அவள் இஷ்டத்துக்குத்தான் அந்த வீட்டில் குழந்தை இல்லை. மாமியார் வீட்டுக் கல்யாணங்களில் பார்க்கிறவர்கள் பார்வை அவள்மேல் விழும்போதெல்லாம், ஆமாம் என் இஷ்டம் என்று உள்ளே ஒருத்தி சொல்லிக்கொள்வாள். அது முடிவு அல்ல, தண்டனை. இன்றைக்கு இன்னொன்று கொடுத்து அனுப்பியிருக்கிறான். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எதை எடுத்தாலும் எடுத்தது அவள்தான் என்று ஆகும். அவன் கை படாது. எவ்வளவு சுத்தமான கை.

“சாரி மேடம், லேட் ஆயிருச்சு. ரெண்டுமே ஸ்டாக் இருக்கு” என்றாள் திரும்பி வந்த பெண். சட்டையில் குத்தியிருந்த பட்டையில் பிரிசில்லா என்று இருந்தது. “பென் டிரைவ் கொண்டாந்தேன்னு சொன்னீங்கள்ல, குடுங்க, உங்க டிசைனையே போட்டுப் பார்த்துருவோம்.”

கனி கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கூடவே சுருட்டி வைத்திருந்த தாளையும் எடுத்தாள். போன வருஷம் அச்சான சமயபுரத்து அம்மன், அவள் செய்ததிலேயே அவளுக்குப் பிடித்தது. தாளையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தத் திரை யோக்கியமானது என்று தெரிந்துவிடும் என்பது அவள் கணக்கு. மேக்கில் படம் திறந்தது. பிரிசில்லா கொஞ்சநேரம் பார்த்தாள்.

“அம்மனுக்கு மஞ்சள் காப்பா மேடம்?”

“இல்லம்மா, சாதா அலங்காரம்தான்.”

“ஓ” என்றாள் பிரிசில்லா, நல்ல வளர்ப்பு, பார்வையைக் கீபோர்டுக்கு இறக்கிக்கொண்டாள். கனி திரையைப் பார்த்தாள். அம்மனுக்கு மஞ்சள் காமாலை. முகம், கை, பாதம், கண்ணின் வெள்ளைகூட. “இந்த ஸ்கிரீன் சரியா இருக்காம்மா?” என்று கேட்டாள். “இதுதான் மேடம் இருக்கிறதுலயே கரெக்ட்டு” என்று சொல்லிவிட்டு, சந்தேகம் வேண்டாமென்று வலப்பக்கத்து மானிட்டரிலும் அதே படத்தைப் போட்டாள் பிரிசில்லா. அங்கேயும் காமாலை. அடுத்த படம், பிள்ளையார், அவருக்கும். அதற்கடுத்து வெங்கடாசலபதி. வரிசையாக எல்லோரும் காமாலை வார்டில் படுத்துக்கிடப்பதுபோல இருந்தது. கையில் இருந்த தாளைப் பார்த்தாள். தாளில் அம்மன் கோதுமை நிறத்தில், கன்னத்தில் விளக்கு வெளிச்சம் படுகிற மாதிரி, எப்படி நினைத்தாளோ அப்படி இருந்தாள். அதே ஃபைல். ஒரு புள்ளி மாற்றவில்லை.

“ஒரு நிமிசம்மா” என்றாள். பிரிசில்லா வேறு வாடிக்கையாளரைப் பார்க்கப் போனாள். ஃபைலில் மஞ்சள் கூடுதல், தாளில் கூடுதல் இல்லை. நடுவில் எங்கே போயிற்று. அச்சுக்கு எடுக்கிற பிளேட்டா. பிளேட் ஃபைலில் உள்ளதை உள்ளபடி எடுக்கும், அதற்குச் சொந்தபுத்தி கிடையாது. தாளா, அதே தாள்தான் ஊரெல்லாம். மையா, அதே டப்பாதான். மிச்சம் மிஷின். நாலு கலர் அச்சு மிஷின். மஞ்சள் மையை எவ்வளவு விடலாம் என்று திருகிக் கூட்டுவது குறைப்பது மிஷின் ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. அவள் படங்களெல்லாம் ஓடுவது ஒரே மிஷினில். அதை ஓட்டுகிறவன் வீட்டில் முன்னறையில் உட்கார்ந்து தங்கம்77 ஆகிறவன். ஒரே ஒரு தடவை, மூன்று வருஷத்துக்கு முன், வேலை நெருக்கடியில் அவள் படம் ஒன்று வேறு அச்சாபீஸுக்குப் போயிற்று, மீனாட்சி காமாலையோடு வந்தாள். கனி சும்மா விடவில்லை. நேரில் போய், மிஷின் ஓட்டத் தெரியாதவங்கல்லாம் எதுக்கய்யா மிஷின்ல நிக்கிறீங்க என்று நாலுபேர் முன்னால் கேட்டுவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அதைத் தங்கேஸ்வரனிடம் சொல்லிச்சொல்லி மாய்ந்தாள். அவன் தோசையைப் பிட்டுக்கொண்டே, சட்னி இன்னும் கொஞ்சம் இருக்கா என்றான். பாவி. அடப்பாவி. பத்து வருஷம். பதினெட்டுப் பதினெட்டாக எத்தனை சாமி. கனியக்கா கண்ணே தனி. அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது, அப்புறம் கோபம் வந்தது, கோபத்துக்கு அடியில் இன்னொன்று வந்தது, அது என்னவென்று பார்க்கப் பயந்து போனை எடுத்தாள்.

நாலாவது மணியில் எடுத்தான். பின்னால் மிஷின் தடதடத்தது.

“என்ன கனி, வாங்கிட்டியா?”

“என் படத்துக்கெல்லாம் மஞ்சளைக் குறைச்சா ஓட்டுறீங்க?”

தடதட தடதட. “யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. இங்க நல்ல ஸ்கிரீன்ல போட்டுப் பார்த்தேன். எத்தனை வருசமா?”

“நீ மஞ்சளைக் கூட்ட ஆரம்பிச்சதுல இருந்தேதான்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“என்னத்தச் சொல்ல. நீ நல்லாத்தான் போடுற, மஞ்சதான் கொஞ்சம் தூக்கல். அதைச் சொல்லி, நீ ரெண்டு நாளு சோறு திங்காம கெடந்து... நான் இங்க ரெண்டு திருகு திருகுனா முடிஞ்சுபோச்சு.”

ரெண்டு திருகு. அவளுக்குக் கண்ணாடிப் பெட்டியின் காற்றாடிகள் மங்கலாகத் தெரிந்தன. “சரி. எதை வாங்கட்டும்?”

“அதான் காலையிலயே சொன்னேனே, உன்...”

“அந்த வார்த்தையச் சொன்னீங்க, போனை வச்சிருவேன்.”

மிஷின் ஓடியது. ஒரு காலண்டர் முழுக்க அச்சாகிவிடும்போல் இருந்தது. “மேக்கையே வாங்கு. கம்பெனி வேலை கெடக்கூடாதுல்ல.”

“அது ஊருக்குச் சொல்ற பதில். உங்களுக்கு என்ன வேணும்?”

“நீ விளையாட வரணும்” என்றான், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்டுவிடாமல், குரலைத் தாழ்த்தி.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கேட்க நினைத்ததற்கு மேலேயே கிடைத்துவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை, அது பாட்டுக்குப் போயிற்று. “ஆஸ்பத்திரியில நான் போதும்னு சொன்னேன்ல. அப்ப உங்களுக்கு என்ன வேணும்னு இருந்துச்சு?”

“இப்ப எதுக்குக் கனி அது.”

“சொல்லுங்க.”

“இன்னொரு தடவ பாக்கலாம்னுதான் இருந்துச்சு.”

சுவரில் மாட்டியிருந்த விலைப்பட்டியலை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், எழுத்து எதுவும் ஏறவில்லை. நாலு வருஷமாக ஏதாவது ஒன்று சொல் என்று வேண்டியிருந்தாள், சொல்லிவிட்டான், அது இங்கே நெஞ்சில் வந்து குத்தி நிற்கிறது. “அப்ப ஏன் வாயைத் திறக்கல?”

“தெறந்துருந்தா நீ திரும்பப் போய்ப் படுத்துருப்ப. எனக்காகப் படுத்துருப்ப. வயித்துல தெனம் ஊசி போட்டது நான்தானே. எடமே இல்லாம நீலம் நீலமா... இதுக்குமேல குத்த என் கைக்கு வரல கனி. அதான் சொல்லல.”

அவளுக்கு அழுகை வரவில்லை. இவனைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும், இந்த மானிட்டரைத் தூக்கி இவன் தலையில் போடவும் வேண்டும். “நாலு வருசமா நான் மட்டும்தான் அதை நிறுத்தினேன்னு தூக்கிட்டுத் திரியுறேன், தெரியுமா உங்களுக்கு? பிள்ளை வேணாம்னு சொன்னவ நான், அதுல உங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு. நீங்க பாட்டுக்குத் திருகிட்டுப் போயிட்டீங்க. என்கிட்டச் சொல்லணும்ல. தப்பா இருந்தாலும் சொல்லணும்ல.”

தடதட தடதட.

“இரு, வாரேன்” என்றான்.

“எங்க வாரீங்க? ஆல்பத் தாள் ஓடிட்டிருக்கு, முதலாளி...”

“வாரேன்னா வாரேன். ரெண்டு மணி நேரம். நீ எதையும் வாங்கிராத, அங்கயே இரு.” அப்புறம் வாயைப் போனிலிருந்து திருப்பி யாரிடமோ, “நிறுத்துய்யா அதை” என்று அவன் கத்துவது கேட்டது. தடதடப்பு நிதானித்தது, விட்டுவிட்டு அடித்தது, நின்றுபோனது. மிஷின் சத்தம் இல்லாத அவன் மூச்சு அவள் காதில் கேட்டது, அவன்தான் பிறகு போனை வைத்தான்.

பிரிசில்லா கையில் பில் புத்தகத்தோடு வந்து நின்றாள். “எது மேடம் எடுக்கலாம்?”

“எங்க வீட்டுக்காரர் சிவகாசியில இருந்து வாரார்ம்மா. ரெண்டு மணி நேரம் ஆகும்.”

“அப்ப சார் வந்துதான் முடிவு பண்ணுவாங்களா?”

“முடிவு பண்ண இல்லம்மா, சண்டை போட வாரார்” என்றாள் சண்முகக்கனி. “நாலு வருசத்துச் சண்டை, கொஞ்சம் சத்தமாத்தான் இருக்கும். உங்க கடையில அதுக்கு எடம் இருக்கா?”